பூட்டிய கதவும் திறந்த பெட்டகமும்

நான் வேலை பார்த்த படகு திருத்தும் தலத்தின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், பாதி நிலத்திலும் பாதி தண்ணீருக்கு மேலும் நின்றது. உள்துறைமுகக் கரையில் மரத்தூண்களை இறக்கி, மேலே பலகை பரப்பி, ஓடு போட்டு அதைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். போகும்போது கொண்டுபோகக் கூடியதையெல்லாம் கொண்டுபோனார்கள். முன் அறை மூலையில் நின்ற இரும்புப் பெட்டகத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அது என்னைவிட ஒரு சாண் உயரம். நாலு பேர் சேர்ந்து தள்ளினால், தள்ளியது அவர்களுக்குத்தான் தெரியும், பெட்டகத்துக்குத் தெரியாது.

உப்புக் காற்றும் கறையானும் பலகைகளைப் பங்கு போட்டுத் தின்றதில் அந்த மூலை கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்த பென்சில் உருண்டு பெட்டகத்தின் காலடிக்குப் போய்ச் சேரும். பூட்டைத் திறந்தால் கதவு யாரும் தொடாமலே மெதுவாகத் திறந்துகொள்ளும். அது பெட்டகத்தின் குணம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் படகைக் கட்டிவைக்கிறவர்கள் மட்டும் அந்த மூலைக்கு நேர் கீழே கட்டுவதில்லை.

நிலத்துப் பக்கமாகச் சீமெந்துத் தளத்தோடு புதிய அறை ஒன்று கட்டி முடிந்ததும் பெட்டகத்தை அங்கே மாற்றுவதென்று முடிவாயிற்று. கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருவதற்குள் அது நடந்துவிட வேண்டும் என்பது மனேஜரின் ஆசை. நல்ல மனிதர். எந்த வேலையையும் அது தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக நம்பக்கூடியவர். நான் அங்கே படவரைஞர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. படகுகளை அளந்து படம் கீறுவது என் வேலை.

"மிஸ், நீங்கள் படிச்ச ஆள்," என்றார் மனேஜர். "ஒரு பிளான் கீறித் தாங்கோ. ஒரு நாள் வேலைதானே."

எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். முதலாவது பாரம்: கதவு மட்டுமே முழுப் பாரத்தில் மூன்றிலொன்று வரும். எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் நடுவழியில் பலகை முறியும். ஆகவே கதவைக் கழற்றி இரண்டு பாரமாக்க வேண்டும். இரண்டாவது வழி: இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள வாசல் பெட்டகத்தைவிட ஒடுக்கம். கப்பல்துறையிலிருந்து மேசனைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் கொத்த வேண்டும். பிறகு ஆட்கள், உருளைகளாகப் போட இரும்புக் குழாய்த் துண்டுகள், நெம்ப அலவாங்குகள், கிறீஸ் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கழற்றிய கதவைப் பூட்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. அப்படியொரு வரி எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

பெட்டகத்துக்கு இரண்டு திறப்புகள், அதாவது இரண்டு சாவிகள். ஒன்று சிறாப்பரிடம். பணத்துக்கும் பத்திரங்களுக்கும் பொறுப்பான காசாளரை எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் அப்படித்தான் சொல்வார்கள். மற்றது ஸ்டோர்கீப்பரிடம். இரண்டையும் திருப்பினால்தான் தாழ்கள் அசையும். இரண்டு திறப்பும் ஒருவர் கைக்கு ஒரு கணமும் வரக்கூடாது என்பது விதி. காலையில் இருவரும் சேர்ந்து திறப்பார்கள், பின்னேரம் நாலேகாலுக்குச் சேர்ந்து பூட்டுவார்கள். நான் வருவதற்கு முன்பு ஒருமுறை ஸ்டோர்கீப்பருக்குக் காய்ச்சல் கண்டபோது அவரைப் போர்வையோடு ஜீப்பில் ஏற்றி வந்து, திறப்பைத் திருப்ப வைத்து, மறுபடி பாயில் கொண்டுபோய் விட்டார்களாம். அதை அங்கே யாரும் சிரிப்புக் கதையாகச் சொல்வதில்லை.

சிறாப்பர் கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று கூப்பிடுவோம். அவருக்கு ஒரே மகள். அந்தக் கிழமை, சனிக்கிழமை இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை குறிஞ்சாக்கேணி. பெண்ணைக் கொடுத்தேன் என்று தகப்பன் வாயால் சொல்லவேண்டும். அதற்காக அவர் வெள்ளியும் சனியும் லீவு எடுத்திருந்தார். ஸ்டோர்கீப்பர் தோப்பூரில் வயல் வைத்திருந்த தமிழர். வேளாண்மை வெட்டு என்று அவரும் அதே இரண்டு நாள் லீவு. திங்கட்கிழமை வரை பெட்டகம் பூட்டியபடி கிடக்கும் என்பது ஏற்பாடு.

"கலியாணம் முடியட்டும் சேர்," என்று சிறாப்பர் கேட்டுப் பார்த்தார். "திங்கக்கிழமை கழட்டுவம்."

"ஒரு நாள் வேலை நானா. வியாழக்கிழமை காலமை கழட்டி மாத்திறம். பின்னேரம் பூட்டிப்போட்டு நீங்கள் போங்கோ."

வியாழன் காலை கதவைக் கழற்றினோம். கூரையின் பெரிய வளையில் பாரம் தூக்கும் செயின் புளொக்கைக் கட்டி, கதவுக்குச் சாக்குச் சுற்றி, இரும்புச் சங்கிலி போட்டு, கதவைத் தாங்கிய பிணைச்சலின் மூடிகளைக் கழற்றிவிட்டு இழுத்தோம். முதலில் கூரைதான் எங்களை நோக்கி வரப்போவதுபோல் முனகியது. பிறகு கதவு ஒரு கை உயரம் எழும்பிப் பிணைச்சலை விட்டு வந்தது. கீழ்ப் பிணைச்சலின் குழியில் கறுத்த கிறீஸுக்குள் நெல்லிக்காயளவில் ஓர் உருக்குக் குண்டு இருந்தது. அத்தனை பாரமும் இத்தனை காலமும் அதன்மேல்தான் சுழன்றிருக்கிறது. அதையும் கூட இருந்த தட்டை வளையங்களான வாசர்களையும் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தேன். கதவைச் சுவரோடு இரண்டு மரக்குற்றிகளில் சாய்த்து நிறுத்தினோம்.

இதெல்லாம் நடக்கும்போது சிறாப்பர் பெட்டகத்தின் திறந்த வாய்க்கு முன்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருப்பதை வேலையாட்கள் பார்த்துவிடக் கூடாதாம். உள்ளே இருந்தவை படகுகளின் உறுதிப் பத்திரங்கள், கந்தோர் முத்திரை, வெள்ளைக்காரர் விட்டுப்போன கண்ணாடியில்லாத தூரதரிசினி ஒன்று. சம்பளம் கொடுத்து முடிந்த கிழமை. காசென்று பெரிதாக எதுவுமில்லை. ஆனாலும் அந்த உறுதிகள் இரண்டு திறப்பின் கீழே இருக்கவேண்டியவை.

மத்தியானத்துக்குள் வாசலைக் கொத்திவிடுவேன் என்ற மேசன் சுவருக்குள் ஒரு தண்டவாளத் துண்டைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் எதற்காக அதைச் சுவருக்குள் வைத்தான் என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, நாளைக்கு என்று சொல்லிப் போய்விட்டார். ஆகவே வியாழன் பின்னேரம் பெட்டகம் பழைய மூலையில் வாயைத் திறந்தபடி நின்றது. கதவு எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது.

நாலேகாலுக்கு நான் வெளியே குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். வலப்பக்கம் சிறாப்பர், இடப்பக்கம் ஸ்டோர்கீப்பர், என்றும் நிற்பதுபோல். கதவு தாழ்வாக இருந்ததால் கொஞ்சம் குனிந்து நின்றார்கள். முதல் திறப்பு திரும்பியது. இரண்டாவது திரும்பியது. ஸ்டோர்கீப்பர் பிடியை அழுத்த, உருக்குத் தாழ்கள் கதவின் மூன்று பக்கத்தாலும் சடக்கென்று வெளியே நீண்டன. சிறாப்பர் வழக்கம்போல் பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியோடு தன் திறப்பைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிச் சட்டைக்குள் விட்டார். ஸ்டோர்கீப்பர் தன்னுடையதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, "மூதூர் லோஞ்சு வெளிக்கிடப் போகுது நானா, சனிக்கிழமை கலியாண வீட்டில சந்திப்பம்," என்று சொல்லி ஓடினார்.

"நானா," என்றேன். "கதவைப் பூட்டிட்டீங்கள்."

"ஓம் மகள். நாலேகாலாச்சி."

"பெட்டி அங்கை நிக்குது."

அவர் திரும்பிப் பெட்டகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். மறுபடி பெட்டகத்தை. கடல் பக்கம் லோஞ்சு ஊதும் சத்தம் கேட்டது. அவர் பக்கத்திலிருந்த கதிரையில் மெதுவாக அமர்ந்தார்.

"தாழ் வெளியில நிக்கிற கதவை மாட்டலாம்," என்று நான் விளக்கினேன். "ஆனா மூட ஏலாது. தாழை உள்ளுக்கு எடுக்க ரெண்டு திறப்பும் வேணும்."

"அது எனக்கு விளங்குது மகள்," என்றார் சிறாப்பர். "எனக்கு விளங்காதது, என்ட கை ஏன் அதைச் செஞ்சதெண்டுதான்."

அன்று அவர் கிண்ணியாவுக்குப் போகவில்லை. ஊருக்குப் போன மீன் வியாபாரி ஒருவரிடம், வேலை இருக்கிறது, வந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். காரணம் சொல்லியனுப்பவில்லை. திறந்து கிடக்கும் பெட்டகத்தைப் பற்றி மீன் வியாபாரிக்குச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்.

வெள்ளி காலை நான் வேலைக்குப் போனபோது அவர் அதே கதிரையில், கசங்கிய சட்டையோடு இருந்தார். மனேஜர் அவருக்கு எதிரே நின்று யோசனைகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உறுதியளை எடுத்து அலுமாரியில வைப்பம் நானா."

"அலுமாரிக்கு ஒரு திறப்பு சேர்."

"ரெண்டு ஆமைப்பூட்டுப் போடுவம்."

"அதுக்கு முதல் இதுக்குள்ள இருந்து எடுக்கோணும். பூட்டின பெட்டிக்குள்ள இருந்து சாமான் எடுக்கிற பழக்கம் எனக்கில்ல."

"பெட்டி திறந்தெல்லோ கிடக்கு."

"பெட்டி திறந்து கிடக்கு. பூட்டு பூட்டிக் கிடக்கு. நாங்க பூட்டின எண்டுதான் கணக்கு."

நான் ஒரு வழி சொன்னேன். புதிய அறையில் பெட்டகத்தின் திறந்த வாயைச் சுவரோடு முட்டவைத்து நிறுத்தினால், அந்தப் பாரத்தை நகர்த்தாமல் யாரும் ஒரு கடதாசிகூட எடுக்க முடியாது. பாரமே பூட்டாக இருக்கும். மனேஜருக்கு அது பிடித்துக்கொண்டது. சிறாப்பர் கண்ணை மூடி யோசித்தார்.

"சுவரைப் பாத்து நிண்டா அது பள்ளிக்கூடத்துல தண்டனை, மகள். பூட்டினதாகாது."

மேலதிகத் திறப்புகள் கொழும்பில் இருந்தன. அவற்றுக்கு எழுதிப்போட்டால் வரும்போது மணமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும் என்றார் மனேஜர். அப்படியானால் தோப்பூருக்குத் தந்தி அடிப்பது ஒன்றுதான். "திறப்புடன் உடனே வரவும்" என்று நான் எழுதிக் கொடுத்தேன். மனேஜர் முதல் சொல்லை வெட்டினார்.

"திறப்பெண்டு தந்தியில போட ஏலாது மிஸ். தபால் கந்தோர் முழுக்க வாசிக்கும். பெட்டி திறந்து கிடக்கெண்டு ஊருக்கு அறிவிக்கிற மாதிரி." பிறகு தன் கையால் எழுதினார்: சிறாப்பர் விடயம். உடனே வரவும்.

"உங்கட தம்பி ஒராள் இருக்கிறாரெல்லோ," என்று அவர் சிறாப்பரை மெதுவாகக் கேட்டார். "ஸ்டோர்கீப்பர் வராட்டி, நிக்காஹ்வில அவரை விட்டுச் சொல்லுவிக்க ஏலாதோ?"

"ஏலும் சேர். நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போனா."

அன்று மேசன் தண்டவாளத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைக் கொத்தினார். பெட்டகத்தைக் குழாய்த் துண்டுகளின்மேல் ஏற்றி அலவாங்கால் நெம்பி நெம்பி நகர்த்தினோம். சிறாப்பர் குடையை விரித்தபடி அதன் வாய்க்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். வாசலில் குடை சிக்கிக்கொண்டபோது எல்லாரும் நின்று, குடையை எடுத்து, மறுபடி விரித்து, பிறகு நகர்ந்தோம். ஜும்ஆத் தொழுகைக்கு அவர் போகவேண்டியிருந்தது. அவர் வரும்வரை குடையைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அறைக்குள் குடை பிடித்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்த மேசன், மழை வருமா என்று கேட்டார்.

பின்னேரம் கதவையும் கொண்டுவந்து, உருக்குக் குண்டைப் புதுக் கிறீஸோடு குழியில் வைத்து, வாசர்களைப் பழைய ஒழுங்கில் போட்டு மாட்டினோம். மாட்டும் வேலை ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. கதவு இலேசாகச் சுழன்றது. தாழ்களை நீட்டிக்கொண்டு, பூட்டியபடி, முழுவதும் திறந்து நின்றது. நாலேகாலுக்குச் சிறாப்பர் எழும்பிப்போய்ப் பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து மறுபடி கதிரையில் இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தாண்டியும் ஸ்டோர்கீப்பர் வரவில்லை. நான் வீட்டிலிருந்து சிறாப்பருக்குப் பாணும் பருப்புக் கறியும் கொண்டுபோயிருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். கிண்ணியாவுக்குப் போக பஸ் எடுக்கவேண்டும். துறையில் இறங்கி, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவைப் பாதைக்குக் காத்திருந்து, அக்கரை போய், வீட்டுக்கு நடக்க வேண்டும்.

"நீங்கள் போங்கோ நானா," என்றேன். "நான் இதிலை இருக்கிறன்."

"நீங்க இருந்தா நீங்க இருக்கிற. பெட்டி பூட்டினதாகுமா?"

அப்போது வெளியே அழுகுரல் கேட்டது.

முதலில் உள்ளே வந்தவர் சிறாப்பரின் மனைவியுடைய தம்பி. கலியாணத்துக்குத் தைத்த புதுச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் பூட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஸ்டோர்கீப்பர். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சேலையில், அழுது முகம் வீங்கிய அவருடைய மனைவி. மூவரும் வாசலடியில் நின்று, பாணைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சிறாப்பரைப் பார்த்தார்கள்.

"மச்சான்," என்றார் புதுச் சட்டைக்காரர். "நீங்க மௌத்தெண்டு எல்லே வந்திரிக்கம்."

சிறாப்பர் பாணைக் கீழே வைத்தார். "ஆர் சொன்ன?"

மச்சான் ஸ்டோர்கீப்பரைக் காட்டினார். ஸ்டோர்கீப்பர் சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து விரித்தார்.

"அதிலை செத்திட்டார் எண்டு எங்கை கிடக்கு?" என்று கேட்டார் சத்தம் கேட்டு வந்த மனேஜர்.

"சிறாப்பர் விடயம், உடனே வரவும் எண்டு கிடக்கு சேர். என்ர சீவியத்தில, உடனே வரவும் எண்டு தந்தி வந்து ஆள் உயிரோட இருந்ததில்லை. மையித்தை வீட்டைதானே கொண்டு போயிருப்பினம் எண்டு நேர கிண்ணியாவுக்குப் போனனான். அங்கை பார்த்தால் பந்தல் போட்டிருக்கு, இறைச்சி வெட்டுகினம், பெண்டுகள் சிரிச்சுக் கதைக்கினம். ஐயோ, இந்தச் சனத்துக்கு இன்னும் தெரியாதெண்டு விளங்கிச்சுது. பிறகென்ன, நான்தான் சொல்லவேண்டி வந்திட்டுது."

"பக்குவமாத்தான் சொன்னவர்," என்றார் அவருடைய மனைவி.

"என்னண்டு சொன்ன?" என்று கேட்டார் சிறாப்பர்.

"எல்லாரும் ஒரு நாளைக்குப் போற ஆக்கள்தான் எண்டு தொடங்கினனான்."

"நீங்க வியாழக்கிழமையில இருந்து வீட்டுக்கு வரவுமில்ல," என்றார் மச்சான். "வேலையெண்டு ஒரு மீன்காரன் சொன்ன. மகளுட கலியாணத்துக்கு வராத வேலை என்ன வேலை? அதனால எல்லாரும் நம்பித்தான் ஆகோணும். புள்ள மருதோண்டிக் கையோட நிலத்துல கிடந்து அழுது. மாப்பிள்ள வீட்டுக்கும் ஆள் போயிட்டு, நிக்காஹ் இல்லையெண்டு சொல்ல."

சிறாப்பர் எழுந்தார். இரண்டு நாளாக அவர் முகத்தில் இருந்த அமைதி அப்போதுதான் போயிற்று. "திறப்பு," என்றார் ஸ்டோர்கீப்பரிடம். "திறப்பு எங்க தம்பி?"

ஸ்டோர்கீப்பர் அரைஞாணைத் தடவினார். "இஞ்சதான் கிடக்கு. ஏன் நானா, பெட்டிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவர், விரியத் திறந்து நின்ற கதவையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாழ்களையும் கண்டார். கிட்டப் போய் ஒரு தாழைத் தொட்டுப் பார்த்தார். "நாங்களோ?" என்றார் கடைசியாக.

"நாங்கதான்."

இருவரும் தங்கள் தங்கள் பக்கத்தில் நின்றார்கள். திறப்புகள் திரும்பின. தாழ்கள் உள்ளே போன சத்தம் கேட்டதும் மனேஜர் கையைத் தட்டினார். நான் கதவைத் தள்ளினேன். அது நன்றாகச் சுழன்று வந்து, சட்டத்துக்கு ஒரு விரலளவு முன்னால் டக்கென்று நின்றது.

மறுபடி தள்ளினேன். அதே இடம். குனிந்து கீழ் விளிம்பைப் பார்த்தபோது விடயம் விளங்கிற்று. பழைய மூலை கடல் பக்கம் சரியச் சரிய, பிணைச்சலும் அந்தச் சரிவுக்கே தேய்ந்திருந்தது. யாரோ அதற்கேற்றபடி வாசர்களும் போட்டிருந்தார்கள். கதவு இத்தனை காலமும் சாய்ந்து நின்றே மூடப் பழகியிருந்தது. புதிய சீமெந்துத் தளமோ நீர்மட்டம் வைத்து நானே சரிபார்த்த தளம். அதில் ஒரு நூலளவும் சரிவில்லை. நேராக நிற்கும் இடத்தில் அந்தக் கதவுக்கு மூடத் தெரியவில்லை.

"பெட்டிக்கு ஒரு பக்கம் முட்டுக் குடுத்து, முந்தி நிண்ட மாதிரிச் சரிக்கோணும்," என்றேன். "வேற வழியெண்டால் கதவைத் திரும்பக் கழட்டிறது."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் சிறாப்பர்.

"ஆக்கள் நிக்கினம். எப்படியும் பொழுதுபடும்."

பொழுது பட்டால் அவர் துறையைக் கடந்து வீட்டுக்குப் போய்ச்சேரும்போது மாப்பிள்ளை வீட்டார் கலைந்துவிடுவார்கள். அது அந்த அறையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. மச்சான் மட்டும் வாயைத் திறந்து, "மச்சான், புள்ள," என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சிறாப்பர் பெட்டகத்தைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார். அவரிடம் கொடுக்க முடியாது. மனேஜர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலால் கழற்றினார். அது காதில் சிக்கியது. அவர் அதை மற்ற ஆட்களுக்கு முன்னால் கழற்றி நாங்கள் யாரும் கண்டதில்லை. கயிற்றோடு திறப்பை என் கையில் வைத்தார். அவருடைய உடம்புச் சூடு அதில் இருந்தது.

"நானா, இவ பொறுப்பெடுத்த ஆள் இல்லையே," என்றார் மனேஜர். "விதிப்படி..."

"விதிய எனக்கு நீங்க சொல்லித் தரப் போறீங்களா சேர்," என்று சிறாப்பர் சாதாரணமாகக் கேட்டார்.

பிறகு என்னிடம், "நீங்க வலப்பக்கம் நில்லுங்க மகள்," என்றார். "அவர் இடப்பக்கம். முதல் நீங்க திருப்போணும். திருப்பினாப் பிறகு இழுத்துப் பாக்கோணும். ரெண்டு தரம்."

வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். குடையை எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குடையை விரித்துப் பெட்டகத்தின் வாயில் சாத்திவிட்டு, மச்சானோடு வெயிலில் இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நாங்கள் நெம்பத் தொடங்கினோம். ஒரு பக்கத்தை அலவாங்கால் உயர்த்தி, படகுக்குப் போடும் பலகையில் சீவிய ஆப்புகளை அடித்தோம். கதவு அரை விரல் உள்ளே போனது. இன்னோர் ஆப்பு. ஸ்டோர்கீப்பரின் மனைவி ஆப்புகளை எடுத்துக் கொடுத்தார். அவ்வப்போது, இன்னும் அடங்காத ஒரு விம்மல் அவரிடமிருந்து வந்தது. "செத்த வீட்டுக்கெண்டு வெளிக்கிட்டது, அழுகை பாதியிலை நிண்டு போச்சு, அதுதான்," என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். கடைசியில், கதவை நான் விட்ட கையோடு அது தானாகவே ஊர்ந்து வெளிப்பக்கம் திறந்தது. பழைய குணம் திரும்பிவிட்டதென்று தெரிந்தது. தள்ளினேன். மூடியது. புத்தம் புதிய நேர்த்தளத்தில், சுவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு கோணம் விட்டு, இல்லாத கடலைப் பார்த்துப் பெட்டகம் சரிந்து நின்றது.

நான் வலப்பக்கம் நின்றேன். திருப்பினேன். ஸ்டோர்கீப்பர் திருப்பினார். இழுத்துப் பார்த்தோம். மனேஜர் ஜீப்பை எடுத்தார்.

துறையில் மிதவைப் பாதை அக்கரையில் நின்றது. அது வரும்வரை காத்திருந்து கடந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பெற்றோல்மக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. நிக்காஹ் முடிந்து ஆண்கள் பக்கம், பலர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டுகளில் சோறு வைத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். குறிஞ்சாக்கேணிக்குப் போன ஆளை வழியிலேயே மறித்துவிட்டார்களாம். சிறாப்பர் பந்தல் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த தொப்பியும் பன்னீர் தெளித்த சட்டையும் போட்டிருந்தார். நான் திறப்பைக் கொடுத்தேன். சொல்லவேண்டியதை வரும் வழியில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: எத்தனை ஆப்பு, எந்தப் பக்கம், இழுத்துப் பார்த்தது இரண்டு தரம். அவர் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா மகள்?" என்றார். "உள்ளுக்குப் போங்க."

உள்ளே பெண்கள் முதலில் ஸ்டோர்கீப்பரின் மனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் அவர் அழுததை ஒருத்தி நடித்துக் காட்ட, மற்றவர்கள் சுருண்டு சிரித்தார்கள். அவருடைய வெள்ளைச் சேலைக்கு மேலே ஒரு சிவப்புச் சால்வையைப் போர்த்தினார்கள். என்னை மணமகளுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பவுடருக்கு மேலாக அவளுடைய கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

"நீங்களா அந்தக் கதவைக் கழட்டின?"

"ஓம்," என்றேன். "திரும்ப மாட்டியாச்சு."

"வாப்பா வந்து இறங்கின உடனே எல்லாரும் கத்திக்கொண்டு போய்க் கட்டிப் புடிச்ச. அவர் ஆரையும் பாக்கல்ல. நேர வந்து என்ட தலையில கைய வச்சி, 'மகள், பூட்டாம வந்திட்டன்' எண்டு சொல்லி அழுத. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. 'சரி வாப்பா' எண்டு சொன்ன." அவள் மருதோண்டிக் கையால் மூக்கைத் துடைத்தாள். "அவர் அழுதது எனக்கா, அந்தப் பெட்டிக்கா எண்டு இன்னும் தெரியல்ல."

"ரெண்டுக்கும்தான்," என்றார் அவளுடைய உம்மா, எங்களுக்கு முன்னால் சகனை வைத்துக்கொண்டே. என் பக்கத்துச் சோற்றில் இன்னொரு கோழித் துண்டை வைத்துவிட்டு, அடுத்த சகனைத் தூக்கப் போனார்.